ஏ4, இருபது பிரதி

ரூசே ரயில் நிலையத்துக்கு எதிரே
பெய்கோவின் நகல்கடை.
இருமிக்கொண்டே வேலை செய்யும் எந்திரம் ஒன்று,
சுடு காகித வாசம்,
கணினிக்கு முன்னால் நான்.

டிசைன் படித்தவள் என்றதும்
பெய்கோ கேட்ட முதல் கேள்வி:
"சிலுவை போடத் தெரியுமா?"

இங்கே செத்தவர்களைக்
கதவில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில்
ஒட்டுவார்கள்.
படம், பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு.
நாற்பதாம் நாள் மறுபடி ஒரு தாள்.
ஆறாம் மாதம் ஒன்று. வருடம் திரும்பினால் ஒன்று.
செத்த பிறகும் விடாமல் வரும் வாடிக்கையாளர்
வேறு எந்தத் தொழிலில் உண்டு, சொல்லுங்கள்.

கடையில் இருந்த எழுத்துருக்கள் நான்கும்
ரஷ்யச் சாயல்.
எங்கள் லகரம் கூரை மாதிரி நிற்கும்,
அவர்களுடையது கால் வளைந்த மேசை.
யாரையும் கேட்காமல் மாற்றினேன்.
எட்டு மாதமாக
ஊரே கூரைக்குக் கீழே சாகிறது.
ஒருவரும் கவனிக்கவில்லை.

பகலில் இது.
ராத்திரியில் என் போர்ட்ஃபோலியோ:
இல்லாத காபிக்கடைக்கு லோகோ,
இல்லாத ஒயினுக்கு லேபிள்,
இல்லாத விமானக் கம்பெனிக்கு
வால் இறக்கை தொடங்கிக் கைத்துடைப்பான் வரை.
விமானம் மட்டும்தான் பாக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை
சொட்டும் குடையோடு ஸ்தான்கா வந்தாள்.
கணவர் ராச்சோ,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
படத்தைப் பெரிதாக வைத்தேன்,
பெயரைத் தடித்த எழுத்தில்.
பெரிசாக்கு, இன்னும் பெரிசாக்கு என்பார்கள்
வாடிக்கையாளர்கள் என்று
கல்லூரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

திரையை வெகுநேரம் பார்த்தாள்.
"சின்னதாக்கு."
ஆக்கினேன்.
"இன்னும்."
ஆக்கினேன்.
"அவர் கூச்சப்படுவார்."

தாளில் வெள்ளை பெருகிக்கொண்டே போனது.
நடுவில் தபால்தலை அளவில் ராச்சோ,
அத்தனை ஆகாயத்தில்
கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்த மாதிரி.
"இப்போது அவர்தான்" என்றாள்.
இருபது பிரதி. சில்லறையாக எண்ணித் தந்தாள்.
செலோடேப் இரவல் வாங்கிப் போனாள்,
திருப்பித் தரவில்லை.

அடுத்த வாரம் சோஃபியா. ஏழு மணி நேர ரயில்.
ஆறாவது மாடி, கண்ணாடிச் சுவர்,
தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடி.
வென்ட்சிஸ்லாவ் என்றொருவர்
என் விமானக் கம்பெனியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"நன்றாக இருக்கிறது.
இதை வேண்டாம் என்று சொன்னவர் யார்?"
"யாரும் சொல்லவில்லை."
"அதான் தெரிகிறது."

தாள்கள் மடங்காமலிருக்க
அடியில் ஒரு கழிவுப் பிரதி வைத்திருந்தேன்.
எடுத்துக் கட்டும்போது அது நழுவியது.
குனிந்து எடுத்தவர் உதடசைய வாசித்தார்.
யார் செய்தது என்றார்.
நான்தான் என்பதற்குள்
தொண்டையில் ஏதோ.
சின்னதாக்கியது நானில்லையே.
"வெள்ளிக்கிழமை சொல்கிறோம்."

அந்த வெள்ளி போயிற்று.
அதற்கடுத்த வெள்ளியும்.

இன்று நிறுத்தத்தில்
மழையில் ஊறி உப்பிய ராச்சோ.
பக்கத்தில் யாரோ ஒட்டிய குளிர்பான விளம்பரம்
நாலாள் உயரத்தில் கத்திக்கொண்டிருக்கிறது.
ஒருவர் கிழவரிடம் நெருங்கினார்.
எழுத்து சின்னதாயிற்றே,
நெருங்காமல் முடியாது.
தொப்பியைக் கழற்றினார்,
வெளிச்சம் மறைத்ததற்கா
மரியாதைக்கா, தெரியவில்லை.

அவர் போனபின் நானும் போய்ப் பார்த்தேன்.
பெயரின் முதல் எழுத்துக்கும்
இரண்டாவதற்கும் நடுவில்
மயிரிழை இடைவெளி அதிகம்.

நாற்பதாம் நாளுக்கு
இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.